எவருக்கென்று அறியாத ஈகை

ஹைதராபாத் நகரின் ரெட் ஹில்ஸ் பகுதியில் மெஹ்தி நவாஸ் ஜங் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அந்த அரசு மருத்துவமனையைத் தெலங்கானாவின் சிற்றூர்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் ஏழை எளியோர் நாடி வருகின்றனர். வாயில் ஆறாத புண்ணோடு வரும் உழவர், கருப்பைவாய்ப் புற்றுநோயால் வாடும் தாய், இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான ஐந்து வயதுக் குழந்தை என எல்லோரும் ஒரே கூரையின்கீழ்க் காத்திருக்கின்றனர்.

இத்தகைய காட்சியைக் காண்பவரின் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. முதலாவது இரக்கம். இரண்டாவது, ‘இவருக்கு இது ஏன் வந்தது?’ என்ற வினா. அந்த வினா மெல்ல மெல்ல வேறு வடிவம் கொள்கிறது. ‘புகையிலையை அவர் விட்டிருக்கலாமே! தானே தேடிக்கொண்ட துன்பத்திற்குப் பிறர் ஏன் பொருள் தரவேண்டும்?’ ஒழுக்கமாக வாழ்பவர்களையே இவ்வெண்ணம் எளிதில் பற்றுகிறது என்பது சிந்திக்கத்தக்கது. ஒழுக்கம் இரக்கத்தை வளர்க்க வேண்டுமே தவிர, அதை வறளச் செய்யலாமா?

ஒழுக்கம் தரும் காப்பு

வாழ்க்கை முறைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதில் ஐயமில்லை. புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவற்றுள் முதன்மையான காரணம் புகையிலை. 2016-17-இல் நம் நாட்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். பீடி, சிகரெட் மட்டுமன்றி, மெல்லும் புகையிலையும் குட்காவும் பாக்கும் வாய்ப் புற்றுநோய்க்கு வழிகோலுகின்றன. மதுவும் மிகையான உடற்பருமனும் வேறுபல புற்றுநோய்களுக்குக் காரணமாகின்றன.

மிதமான உணவும் மிதமான உழைப்பும் ஓய்வும் உடையவனுக்கே யோகம் துன்பத்தைப் போக்கும் என்று கீதை உணர்த்துகிறது. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவின் அளவைப் பற்றிப் பேசவே ஒதுக்கினார். உடல் ஒரு கருவி. அதைப் பேணுவது தன்னலம் ஆகாது. பிறருக்குத் தொண்டாற்ற வேண்டிய கருவியைத் துருப்பிடிக்க விடுவதே தன்னலம்.

காப்பு என்பது புலனடக்கத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தடுக்கப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி உண்டு. தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்தில் நடைபெற்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையைச் செய்தனர். அதனால் அந்நோயால் நேரும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கூச்சத்தை விட்டுப் பரிசோதனைக்குச் செல்வதும் இக்காலத்தில் ஒரு தர்மமே.

அறிவு தீர்ப்பாகும்போது

ஆனால், இந்த அறிவு எதற்காகத் தரப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. தன் பாதையைக் காணவே ஒருவன் விளக்கை ஏந்துகிறான். அதே விளக்கைப் பிறர் முகத்தில் பிடித்தால் அவர்களுக்குக் கண் கூசும். அவனுக்கும் வழி தெரியாது.

குழந்தைகள் பிரிவில் படுத்திருக்கும் அந்த ஐந்து வயதுச் சிறுவன் எந்தப் புகையிலையைத் தொட்டான்? செல்கள் பிரியும்போது தற்செயலாக நேரும் பிழைகளாலும், பிறப்பிலேயே அமைந்த மரபணுக்களாலும் வரும் புற்றுநோய்கள் பல. ஒழுக்கத்தின் சிகரத்தில் நின்றவர்களையும் இந்நோய் விட்டுவைத்ததில்லை.

சரி, காரணம் தெளிவாகத் தெரியும் இடத்திலாவது தீர்ப்பு வழங்கலாமா? ஆந்திரக் கடற்கரையின் சில சிற்றூர்களில் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு. அதனால் மேலண்ணத்தில் புற்றுநோய் தோன்றுகிறது. தாயிடம் கண்டு மகள் பழகிய வழக்கம் அது. தீங்கென்று சொல்லித் தருவார் இல்லாத இடத்தில் பிறந்ததற்கு அவள் எவ்வளவு பொறுப்பாவாள்? இளம் வயதில் ஒருவனுக்குக் குட்காப் பொட்டலத்தை விற்றவருக்கும், அதைக் கண்டும் வாளாவிருந்த ஊருக்கும் அதில் பங்கில்லையா?

‘எல்லாம் அவரவர் கர்மம்’ என்று சொல்லி ஒதுங்குவோரும் உண்டு. கர்மக் கோட்பாட்டை இவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ள முடியாது. ‘என் துன்பத்திற்கு நானே பொறுப்பு, ஆகவே என் வாழ்வை நான் திருத்திக்கொள்வேன்’ என்று தன்மையில் சொல்லும்போது அது வீரம். ‘உன் துன்பத்திற்கு நீயே பொறுப்பு’ என்று முன்னிலையிலோ, ‘அவன் துன்பத்திற்கு அவனே பொறுப்பு’ என்று படர்க்கையிலோ சொல்லும்போது அது கொடுமை. மேலும், துன்புறுபவன் ஒருவனின் கண்முன் வந்து நிற்கிறான் என்றால், அந்தக் கணத்தில் உதவுவதே காண்பவனின் கர்மம். மற்றவனது கணக்கைப் பார்க்கும் வேலை அவனிடம் ஒப்படைக்கப்படவில்லை.

காக்கிநாடாவிலிருந்து பாஸ்டன் வரை

தகுதியை எடைபோடாமல் தரும் ஈகை எவ்வளவு தூரம் செல்லும்? ஆந்திர மண்ணின் மைந்தர் ஒருவரின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தார். இளமையில் துறவு வாழ்வை நாடினார், அன்னை இசையவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். குடல்நோய் ஒன்று அவருடைய சகோதரர் இருவரை அடுத்தடுத்துக் கவர்ந்து சென்றது. மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல விரும்பியபோது கையில் பொருள் இல்லை. காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளை உதவ முன்வந்தது. மாமனாரும் பொருள் திரட்டித் தந்தார். ரங்கூன் சென்று பொருளீட்டிய ஒருவர் விட்டுச்சென்ற செல்வம் அந்த அறக்கட்டளை. கொடையாளர் அப்போது உயிருடன் இல்லை.

1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் சென்றடைந்த சுப்பாராவ், பின்னர் லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கும் வழியை அவரது குழு 1945-இல் கண்டது. புற்றணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அதைப் போலவே தோன்றி, அதன் வேலையை நடக்கவிடாமல் தடுக்கும் பொருள்களையும் அக்குழு உருவாக்கியது. பூட்டுக்குள் நுழைந்தும் திறக்காத சாவி போன்றவை அவை. அவற்றுள் ஒன்றை மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் மடிந்துகொண்டிருந்த 16 குழந்தைகளுக்குத் தந்தார். 10 குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. அது நிலைக்கவில்லை என்றாலும், அதுவரை மூடியிருந்த கதவு முதன்முறையாக அசைந்தது. 1948 ஜூனில் அந்த ஆய்வு வெளியாயிற்று. ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அவருக்கு வயது 53.

அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மருந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் இன்றியமையாதது. முடக்குவாதத்திற்கும் அது பயன்படுகிறது. வளமான நாடுகளில் அவ்வகை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர்.

ரங்கூனில் உழைத்து ஈட்டியவர் இதை அறிந்திருக்க முடியுமா? ஏழை மாணவன் ஒருவனுக்கு உதவி. அவ்வளவே அந்தக் கொடை. அதன் பலனோ, கொடுத்தவருக்கு ஊரும் பெயரும் தெரியாத குழந்தைகளின் நாடியில் துடிக்கிறது.

பலனை நோக்காத கொடை

பசித்தவனுக்கு உணவு தருபவர் அவன் முகத்தில் மலர்ச்சியைக் காண்கிறார். ஆராய்ச்சிக்குத் தருபவருக்கு அந்த இன்பமும் இல்லை. பல ஆய்வுகள் தோற்கும். வெல்லும் ஆய்வும் கனிய ஆண்டுகள் ஆகும். பெறுபவர் இன்னும் பிறவாதவராகவும் இருக்கலாம். ஆகவே, பலனில் பற்றில்லாத செயலைப் பழக இதைவிட நல்ல களம் அரிது.

சொந்தத் துயரமும் இவ்வாறு விரிவடையக் கூடும். தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் எழுந்தது. என்.டி. ராமராவின் துணைவியார் பசவதாரகம் இந்நோயால் மறைந்தார்; அவர் பெயரால் 2000-ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் அறநிலை மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. ‘என் வீட்டில் நேர்ந்தது எவர் வீட்டிலும் நேரக்கூடாது’ என்னும்போது துயரம் தவமாகிறது.

கொடைக்கு விவேகமும் தேவை. கணக்கை வெளிப்படையாக வைக்கும் நிறுவனத்தைத் தேர்ந்து தருவது அறம். ஆராய்ச்சிக்குத் தரும் அதே வேளையில், குணமாகாத நிலையில் இருப்பவரின் வலியைத் தணிக்கும் பணிக்கும் தரவேண்டும். நாளைய மருந்து இன்றைய வலிக்கு விடையாகாது. நன்கொடை தந்துவிட்டு வீட்டில் குழந்தையின் அருகே புகைபிடிப்பவர், ஒரு கையால் விளக்கேற்றி மறு கையால் அணைக்கிறார்.

தனக்கு விதிக்க வேண்டியது கட்டுப்பாடு. பிறருக்குத் தரவேண்டியது கருணை. இவற்றை இடம் மாற்றிக்கொள்வதே மனித இயல்பு. அதை நேராக்கிக்கொள்வதே ஆன்மிக சாதனை. ரெட் ஹில்ஸில் காத்திருக்கும் அந்த உழவரிடம், ‘ஏன் மென்றாய்?’ என்று கேட்க ஆயிரம் பேர் இருப்பர். ‘சாப்பிட்டீர்களா, ஐயா?’ என்று கேட்கும் ஒருவரையே அவர் எதிர்பார்த்திருக்கிறார்.