வருமுன் காத்தல் யாருக்கு?

நோயுற்ற உறுப்பை வெட்டியகற்றுவதை மருத்துவம் என்கிறோம். நோய் இன்னும் அணுகாத உறுப்பை, பின்னொரு நாள் அது வரக்கூடும் என்பதற்காக அகற்றுவதை என்னென்பது? பரம்பரையாகச் சூலகப் புற்றுநோய்க்கு ஆளாகக்கூடிய பெண்களின் முன் இன்று நிற்கும் வினா இது.

சில குடும்பங்களில் மார்பகப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதற்குக் காரணமான பரம்பரையலகு 17ஆவது நிறமூர்த்தத்தில் உள்ளதென 1990ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளெயர் கிங் காட்டினார். பி.ஆர்.சி.ஏ. 1 எனப்படும் அதில் பழுதிருப்பின் சூலகப் புற்றுநோயும் நேரும் என்பது பின்னர் தெளிவாயிற்று. பொதுவாக நூறு பெண்களில் ஓரிருவருக்கே வரும் அந்நோய், இப்பழுதுடைய நூறு பேரில் ஏறத்தாழ 44 பேருக்கு 80 வயதுக்குள் வருகிறது.

முளையிலேயே கண்டறியலாமே எனில், அதற்கும் நம்பத்தகுந்த வழியில்லை. பிரித்தானியாவில் இரண்டு இலட்சம் பெண்களிடையே பல்லாண்டு நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. முன்கூட்டிய பரிசோதனைகள் மரணங்களைக் குறைக்கவில்லை. ஆகவேதான் இப்பழுதுடைய பெண்கள் 35 முதல் 40 வயதுக்குள், பிள்ளைப்பேறு முடிந்தபின், சூலகங்களையும் பலோப்பியன் குழாய்களையும் அகற்றிவிடுமாறு வைத்தியர்கள் ஆலோசனை கூறுகின்றனர். அதனால் அபாயம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைகிறது.

இயற்கையில் கைவைக்கலாகாது என்போர் உளர். இயற்கைக்கு அடங்கிக் கிடந்திருந்தால் மனிதன் அம்மை நோயைக்கூட வென்றிருக்க மாட்டான். ஆயினும் இச்சத்திரசிகிச்சை அம்மைப்பால் குத்துவது போன்றதன்று. மாதவிடாய் ஒரே நாளில் நின்றுபோகிறது. எலும்பும் இருதயமும் பாதிக்கப்படலாம். இனித் தாயாகும் வழி இயல்பாக இல்லை. அந்த நூறு பேரில் 56 பேருக்கு நோய் வரப்போவதேயில்லை. அவர்கள் யாரென எவராலும் சொல்ல முடியாது. இத்தகைய நிலையில் கணவனோ, வைத்தியரோ, குடும்பத்துப் பெரியவர்களோ அவளுக்காக முடிவு செய்தல் தகாது. அகற்ற இசைபவள் கோழையுமல்லள், மறுப்பவள் பேதையுமல்லள். உடல் அவளுடையது, முடிவும் அவளுடையதே.

ஆனால், இத்துடன் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? 'அவள் விருப்பம்' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது சமூகத்துக்கு மிகவும் வசதியான அறமாகும். விரும்புவதற்கும் கைம்முதல் வேண்டுமன்றோ!

நடிகை அஞ்செலினா ஜோலியின் தாய் புற்றுநோயால் 56 வயதில் இறந்தார். ஜோலி 2013இல் மார்பகங்களையும் 2015இல் சூலகங்களையும் அகற்றிக்கொண்டார். உலகம் அவரது துணிவைப் போற்றியது, போற்றத்தக்கதே. ஆனால் பரிசோதனைக்கு மட்டும் 3,000 டொலருக்கு மேல் செலவாகிறது, அது பல பெண்களுக்குத் தடை என்று அவரே 2013இல் எழுதினார். இந்த விலை எங்கிருந்து வந்தது? மனித உடலில் இயற்கையாக உள்ள பரம்பரையலகின் மீது மிரியட் என்னும் கம்பனி காப்புரிமை பெற்று, பரிசோதனையைத் தன் தனியுடைமையாக வைத்திருந்தது. தாய் மகளுக்கு அளித்த அணுவுக்கும் ஒரு முதலாளி இருந்தான்! 2013 யூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வுரிமை செல்லாதெனத் தீர்த்தது. உடனே வேறு ஆய்வுகூடங்கள் குறைந்த விலையில் பரிசோதனை செய்ய முன்வந்தன. விஞ்ஞானம் அன்று மாறவில்லை. உடைமை உறவே மாறியது.

இன்னொரு தடை எஞ்சியுள்ளது. பரம்பரைக் குறையைக் காட்டி வேலையையோ மருத்துவக் காப்புறுதியையோ மறுக்கக்கூடாதென அமெரிக்கா 2008இல் சட்டமியற்றியது. ஆயுட் காப்புறுதி அச்சட்டத்துள் அடங்காது. தன் உடலைப் பற்றிய உண்மையை அறிந்தவள், அவ்வறிவுக்காகவே தண்டனை பெறக்கூடும்.

தலைவிதி என்று நம் பாட்டிமார் கருதியதன் ஒரு பகுதியை விஞ்ஞானம் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டிவிட்டது. பரிசோதனையும், ஆலோசனையும், சத்திரசிகிச்சையும், பின்னர் ஓய்வெடுக்கச் சம்பளத்துடன் விடுமுறையும் இல்லாத ஒரு தொழிலாளிப் பெண்ணிடம் 'நீயே முடிவு செய்' என்பது, அவளை மறுபடியும் விதியிடமே ஒப்படைப்பதாகும். அவளது முடிவில் தலையிட நமக்கு உரிமையில்லை. அம்முடிவை அவள் எடுக்கக்கூடிய நிலையை உண்டாக்கும் கடமையிலிருந்து நமக்கு விலக்குமில்லை.