ஓரெழுத்து மிகினும் குறையினும்



ஆகாரம், ஔஷதம், அபயம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்கள் நம் இல்லத்துச் சிறுவர்களும் அறிந்தவை. முதல் மூன்றையும் ஒருவர் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. பசித்தவரைக் கண்டால் சோறிடுகின்றோம். பிணியுற்றவருக்கு மருந்து வாங்கித் தருகின்றோம். விளக்கில் வீழவரும் விட்டிலையும் விலக்கிக் காக்கின்றோம். நான்காவதற்கு மட்டும் நாம் ஓர் எளிய வழியைக் கண்டுகொண்டோம். திருமணத்திலும் நீத்தார் நினைவு நாளிலும் சிறு நூலொன்றை அச்சிட்டு வழங்குகின்றோம். நல்ல வழக்கந்தான், குறை கூறவில்லை. ஆயினும் அவ்வாறு வந்த நூல்கள் நமது பெட்டியிலும் இருபதுக்கு மேல் உள்ளன. அவற்றுள் சிலவற்றின் தாள்கள் இன்னும் பிரிக்கப்படாமல் ஒட்டிக் கிடப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நூலைக் கொடுப்பது சாஸ்திர தானமா, அதனைப் படிக்கும் ஆற்றலைக் கொடுப்பது சாஸ்திர தானமா என்னும் ஐயம் நமக்குச் சென்ற ஆண்டில் எழுந்தது. எழுப்பியவள் நம் பெயர்த்தி.

அவள் சேலத்தில் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்தாள். உடன் பயிலும் மாணவியர் சிலருடன் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பகுதிக்குச் சென்று சிறுவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தரப் போவதாகக் கூறினாள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டைஊசி வளைவுகள். அங்கிருந்து இன்னொரு பேருந்து. திரும்பி வருகையில் பொழுது சாய்ந்துவிடும். "விளக்கு வைத்தபின் இவள் எங்கே உண்பாள்? இரவு உணவு கொள்ளாத வீட்டுப் பெண் வாரந்தோறும் பட்டினி கிடப்பதா?" என்று அவள் தாய் நம்மிடம் முறையிட்டாள். நமக்கும் அச்சம் இருந்தது. மலைச்சாலை, மழை, அட்டை என்று நாமும் நான்கு காரணங்களைச் சொன்னோம். அவள் ஒன்றே சொன்னாள்: "பாட்டி, நான்கு மணிக்கே அங்கே உட்கார்ந்து உண்டுவிட்டு வந்தால் ஆகாதா?" முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நம்மால் அதற்கு மறுமொழி கூற இயலவில்லை. தூக்குப் பாத்திரத்தில் தயிர்சோறு கட்டிக்கொண்டு அவள் மலையேறினாள்.

சேர்வராயன் மலையை நம்மில் பலர் கோடைச் சுற்றுலாவாகக் கண்டிருப்போம். ஏரியும் படகும் கண்டு, மிளகும் காப்பித் தூளும் வாங்கித் திரும்பியிருப்போம். நூறாண்டுப் பழமையுள்ள புகழ்வாய்ந்த உறைவிடப் பள்ளிகள் அம்மலையில் உண்டு. நெடுந்தொலைவிலிருந்தும் செல்வர்தம் மக்கள் அங்கு வந்து பயில்கின்றனர். அதே மலையின் சரிவுகளில்தான் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் இருக்கின்றன. காப்பித் தோட்டங்களில் கூலிக்குச் செல்லும் குடும்பங்களும் இருக்கின்றன. பள்ளியில்லை என்று கூறுவதற்கில்லை. அரசு பள்ளிகளும் உண்டு, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உண்டு. எனினும் பள்ளி இருப்பதும் பிள்ளை படிப்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை ஆசிரியத் தொழிலில் இருந்தோர் அறிவர்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொற்றுநோயினால் மூடப்பெற்ற பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையிலான சிறார்க்கு 2021 நவம்பர் 1-இல்தான் மீண்டும் திறந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் பருவத்தில் ஒன்றரை ஆண்டு போயிற்று. நகரத்துப் பிள்ளைகள் கைப்பேசியிலேனும் பாடம் கேட்டனர்; மலையில் கைப்பேசி இருந்தாலும் அலை கிட்டுவதில்லை. இவ்விழப்பை ஈடுசெய்யவே தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" என்னும் திட்டத்தை 2021 அக்டோபர் 27-இல் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிற்று. மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை, ஏறத்தாழ இருபது சிறார்க்கு ஒரு தன்னார்வலர். திங்களுக்கு ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் முன்வந்தனர். அவர்களுள் பெண்களே பெரும்பாலர். பலர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்து பட்டம் பெற்றுத் திண்ணையில் இருந்த இளம்பெண்கள். அதுவே அத்திட்டத்தின் வலிமை என்பது நமது கருத்து. கல்லூரி மாணவர் ஊர்ப்பணி செய்வதும் புதிதன்று. அண்ணல் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கிற்று. ஏழு நாள் முகாமிட்டுச் சாலை செப்பனிட்டு, மரம் நட்டு, கலைநிகழ்ச்சி நடத்தித் திரும்பும் மாணவர்களை அன்று முதல் பார்த்து வருகின்றோம். மரத்துக்கு ஏழு நாள் போதும் போலும். பிள்ளைக்குப் போதாது.

நம் சமயத்தில் இதற்கு முன்னோர் யாருமில்லையா? வந்தவாசியை அடுத்த வேடல் என்னும் ஊரில் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியையும் அவரிடம் பயின்ற மாணவியரையும் அது குறிப்பிடுகின்றது. நூற்றுக்கணக்கான மாணவியர்! அவர்களுக்கு உணவளித்துக் காக்க ஊரார் பொறுப்பேற்ற செய்தியும் அதிலேயே வருகின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு, நம் ஊர்களுக்கு நடுவில், பெண்ணொருத்தி பெண்களுக்குக் கற்பித்தாள். சமணர் வைகிய இடத்துக்குப் பெயராய் இருந்த "பள்ளி" என்னும் சொல்தான் இன்று கல்விக்கூடத்துக்கு வழங்குகின்றது என்பதைச் சொல்லிப் பெருமை கொள்ளுதல் நமக்கு எளிதாக இருக்கின்றது.

இனி, கன்மத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அறிவை மறைக்கும் ஞானாவரணீய கன்மம் எவ்வெச் செயல்களால் உயிரில் வந்து கட்டுகின்றது என்பதை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துரைக்கின்றார். அவற்றுள் நிஹ்னவம் என்பது தெரிந்ததைத் தெரியாதெனக் கரத்தல். மாத்சரியம் என்பது கற்றால் தனக்கு இணையாகி விடுவானே என்று கொடாதிருத்தல். அந்தராயம் என்பது கற்போர்க்கு இடையூறு செய்தல். இவற்றைக் கேட்கும்போது, நாம் யாருக்கும் இடையூறு செய்ததில்லையே என்றுதான் தோன்றும். நமக்கும் அவ்வாறே தோன்றியது. பின்னர் நினைவுக்கு வந்தது ஒரு கடைசி வாங்கு. பயிற்சி முடித்துப் பணியேற்ற முதல் ஆண்டுகளில், கண்காணிப்புக்கு அதிகாரி வரும் நாளில் விரைந்து விடை கூறும் பிள்ளைகளை முன்னே அமர்த்தி, திக்கிப் படிக்கும் பிள்ளைகளைக் கடைசி வாங்குக்கு அனுப்பினோம். ஒரு நாளைக்கு என்று தொடங்கியது ஆண்டு முழுதும் நீடித்தது. அங்கே அமர்ந்தவர்களின் முகங்கள் நினைவில் இல்லை; அதுவே அச்செயலின் கனத்தைக் காட்டுகின்றது. இதற்கு ஆலோசனை செய்துகொண்டோமேயன்றி, கன்மம் கழிந்ததா என்பதை அறியோம்.

வெள்ளக்கடையில் நம் பெயர்த்தியிடம் வந்த பிள்ளைகளுள் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். மனக்கணக்கில் சூரன், படிப்பதோ எழுத்தெழுத்தாக. "மரம்" என்பதை "மறம்" என்றும் எழுதுவான். சொல்லின் இறுதி மெய்யை விட்டுவிடுவான். இவள் ஒவ்வொரு வாரமும் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தாள். அவன் பார்த்து எழுதினான். மறுவாரம் அதே பிழை. "என்ன செய்வது, பாட்டி?" என்றாள். அப்போது தரசேனாசாரியாரின் வரலாற்றை அவளுக்குக் கூறினோம். சுருத பஞ்சமியன்று நாம் கேட்கும் கதைதான்.

கிரிநகரத்துச் சந்திர குகையில் வாழ்ந்த முதுமுனிவர் தரசேனர், தம்மோடு ஆகம அறிவு மறைந்து போகுமோ என்று கவன்று, தென்னாட்டுத் துறவோர்க்கு ஓலை விடுத்தார். இரு முனிவர் வந்தனர். அவர்களுக்கு மந்திரம் ஒவ்வொன்று கொடுத்து, உண்ணா நோன்பிருந்து உருவேற்றச் சொன்னார். ஒன்றில் ஓரெழுத்து மிகை; மற்றொன்றில் ஓரெழுத்துக் குறை. உருவேற்றியபோது பல் நீண்ட தெய்வமொன்றும் ஒற்றைக்கண் தெய்வமொன்றும் தோன்றின. தெய்வ வடிவில் ஊனம் இராதே என்று முனிவர் இருவரும் ஆராய்ந்து, எழுத்தைத் தாமே திருத்தி மீண்டும் ஓதினர். தெய்வங்கள் நல்லுருவில் தோன்றின. பிறகே ஆசாரியர் பாடம் தொடங்கினார். இவ்விடத்தில் நம் பெயர்த்தியை நிறுத்திக் கேட்டோம்: "ஆசாரியர் சிவப்பு மை தொட்டாரா?" பிழை எங்கே என்று அவர் சொல்லவில்லை, பிழையினால் என்ன நேர்கின்றது என்பதைக் காணச் செய்தார். ஆசிரியப் பயிற்சியில் நாம் மாதக்கணக்கில் படித்ததை அக்குகையில் நடத்திக் காட்டியிருக்கின்றார்.

அடுத்த வாரம் அவள் மை கொண்டு செல்லவில்லை. "அரை", "அறை" என இரண்டு சீட்டுகள் எழுதி, "இடுப்பைத் தொடு, அறைக்குள் போ" என்று ஆடச் செய்தாள். அவன் எழுதிய சீட்டைக் கண்ட தோழர்கள் தவறான இடத்துக்கு ஓடினர். அவன் சிரித்துவிட்டுத் தானே சீட்டை வாங்கித் திருத்தினானாம்.

அவன் ஒரு நாள் சிறு புட்டியில் மலைத்தேன் கொண்டு வந்து "அக்காவுக்கு" என்று நீட்டினான். தேன் நமக்கு விலக்கு என்பதை அவள் எவ்வாறு சொல்வாள்? கையில் வாங்கி, தான் உண்பதில்லை என்று கூறி, அவன் பாட்டிக்கே கொடுக்குமாறு திருப்பித் தந்தாள். மறுவாரம் அவன் வரவில்லை. அதற்கு மறுவாரமும் வரவில்லை. தேனீக்கு அகிம்சை பார்த்துச் சிறுவனின் மனத்தை இம்சித்துவிட்டேனோ என்று அவள் நம்மிடம் வந்து அழுதாள். நாமும் விடை தெரியாமல் விழித்தோம். பின் அவள் அவன் வீட்டைத் தேடிச் சென்றாள். தேனுக்கும் இதற்கும் தொடர்பேயில்லை! காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. நவம்பர் முதல் தை வரை தாயோடு தோட்டத்துக்குச் செல்வது அவ்வீட்டு வழக்கம். பறித்த பழத்தின் எடைக்குக் கூலி. பிறர் துன்பத்துக்கெல்லாம் நம்மையே நடுவில் வைத்து எண்ணுவதும் ஒருவகை மானம் என்னும் கஷாயமே என்று அவளைத் தேற்றினோம்.

வேலைக்குப் போகாதே என்று கூற அவளுக்கு உரிமையில்லை. அதனைச் சொல்லவும் இல்லை. பள்ளியின் தலைமையாசிரியரிடம் செய்தியைத் தெரிவித்தாள். அவனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, அன்றன்று தாய் பறித்த எடையையும் வர வேண்டிய கூலியையும் சொற்களால் எழுதி வைக்கச் சொன்னாள். தை முடிவில் அவன் வகுப்புக்குத் திரும்பியபோது குறிப்பேட்டில் முப்பத்தொரு பக்கம் எழுதியிருந்தான். "கிலோகிராம்" என்பதை ஒரு பக்கத்திலும் பிழையாக எழுதவில்லை. "கூலி" மட்டும் சில இடங்களில் "கூளி" ஆகியிருந்தது. அப்பையன் அறிந்து எழுதியிருக்க மாட்டான். நமக்குத்தான் சிரிப்பு வந்தது.

தரசேனர் வரலாற்றில் இன்னும் ஒரு பகுதி உண்டு. பாடம் முடிந்தவுடன், தம் இறுதி அணுகியதை உணர்ந்த முனிவர், மாணவர் இருவரையும் உடனே புறப்படச் சொல்லிவிட்டார். அவர்களுள் பூதபலி முனிவர் வந்தது நம் திராமிள நாட்டுக்கு. ஏட்டில் ஆகமம் எழுதி முடிக்கப்பெற்ற நாளைத்தான் சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகின்றோம். அவர் கற்ற காலம் சிறிது; கைமாறிய பின் அது நின்றுவிடவில்லை.

நம் பெயர்த்திக்கும் தேர்வு முடிந்தது. பணி வேறோர் ஊரில் கிடைத்திருக்கின்றது. வாரந்தோறும் வந்த அக்காள் ஒரு நாள் வராமற்போனால், கற்றுத்தராதிருந்ததைக் காட்டிலும் அது கொடிது என்று அவளிடம் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தோம். ஆகவே மாசித் திங்கள் முதலே இரண்டாமாண்டு மாணவியர் இருவரைத் தன்னோடு அழைத்துச் சென்று பழக்கினாள். அவர்களுள் ஒருத்தி நம் சமூகத்துப் பெண். அவள் தந்தையார் இசைந்தார். தாயார் இன்னும் இசையவில்லை. சென்ற ஞாயிறன்று அவ்வம்மையாரின் இல்லத்துக்கு நேரில் சென்று, தூக்குப் பாத்திரத்தின் அளவு வரை பேசிவிட்டு வந்திருக்கின்றோம்.

பள்ளி திறக்கும் நாள் அணுகுகின்றது. அம்மாணவியர்க்காகப் பழைய நாட்காட்டி அட்டைகளின் பின்புறத்தில் எழுத்து அட்டைகள் எழுதி வருகின்றோம். கை சற்று நடுங்குவதால் ஒரு நாளைக்குப் பத்துக்குமேல் இயலவில்லை. இருநூற்று நாற்பத்தேழில் றகர வரிசை வரை முடிந்தது. னகர வரிசைக்கு அட்டை போதவில்லை. தடித்த அட்டை உள்ளோர் கொடுத்துதவினால் பெற்றுக்கொள்வோம்.