தட்டு, 700!

‘லினக்ஸ் நமக்கெல்லாம் வராது’ என்கிறாயா? யார் சொன்னது? நீயாகச் சொல்லிக்கொண்டதுதானே!

2023 டிசம்பர் 17, 18. அதற்குள் மறந்துவிட்டாயா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டது. நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையம் மூழ்கியது. ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்றால் ஆறு கேட்குமா?

உன் கடைக் கணக்கு, ஆய்வேடு, பிள்ளைகளின் படங்கள். எல்லாம் ஒரே கணினியில்! அது மூழ்கினால்? நகல் எங்கே?

‘பேக்கப் மென்பொருள் போட்டேன். பெர்மிஷன் டினைட் என்று வந்தது. விட்டுட்டேன்.’

ஒரு வரிக்கா பயந்தாய்? நகல் போகும் கோப்புறையில் எழுத யாருக்கு உரிமை என்று கேட்கிறது. பதில் சொல்!

உரிமையாளர், குழு, மற்றவர். மூன்றே தரப்பு. பார்க்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1. கூட்டினால் 7. இந்தக் கூட்டலுக்கா நடுக்கம்?

மென்பொருளை நிறுவும் முன்பே இதை முடி. அது எந்தப் பயனரின் பெயரில் ஓடப்போகிறது? முதலில் தீர்மானி. அந்தப் பயனரால் உன் கோப்புகளைப் படிக்க முடிகிறதா? அதையும் பார்.

நகல் வைக்கப்போகும் வட்டை மவுண்ட் செய். பிறகு உரிமை கொடு. முன்னாலேயே கொடுத்தால் அது வட்டுக்குப் போய்ச் சேராது!

சிஎச்ஓன் கட்டளையால் அதிலுள்ள நகல் கோப்புறையை அந்தப் பயனர் பேருக்கு எழுதிவை. சிஎச்மோட் 700 என்று தட்டு. எல்எஸ் -எல்டி போட்டுப் பார். டி, ஆர், டபிள்யூ, எக்ஸ். அதன் பின்னால் ஆறு கோடுகள். குழுவுக்கும் மற்றவருக்கும் அனுமதி இல்லை!

மாறவில்லையா? எக்ஸ்ஃபேட் வட்டாக இருக்கலாம். அதில் இந்த உரிமைகள் நிற்காது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு, எக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய். மறுபடி தட்டு!

‘777 போடு, எல்லாம் ஓடிடும்’ என்பான் ஒருவன். கேட்காதே! தாமிரபரணியின் மருதூர் அணைக்கட்டு மடையை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று விடுவார்களா? 777 போட்டால், வேறு பயனரின் கணக்கில் புகுந்த தீநிரலாலும் உன் நகலை அழிக்க முடியும். அது துணிச்சல் அல்ல, சோம்பல்!

தோற்பாய். தோற்றால் என்ன? 1991-இல் லினக்ஸை அறிவித்தபோது லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வயது 21. வெறும் பொழுதுபோக்கு என்றுதான் சொன்னார். அவரும் அப்போது மாணவர்தானே!

இப்போது மென்பொருளை நிறுவு. முதல் நகலை எடு. முடிந்ததா? இல்லை! அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார். அது திறக்கும்வரை உனக்குப் பேக்கப் இல்லை!

திறந்ததா? எழுந்திரு! பக்கத்துக் கடை அண்ணாச்சியின் கணினியிலும் இன்றைக்கே செய்துகொடு!