ந்யா ட்ராங்: பொதுவில் கிடக்கும் பகல்

வியட்நாமின் தென்நடுக் கரையில் இருக்கும் ந்யா ட்ராங் நகரத்துக்கு இரண்டு கடற்கரைகள். இடம் ஒன்றுதான், நேரம் வேறு. முதலாவது ஊர்க்காரர்களுடையது. ஐந்து மணிக்கு வெளிச்சம் பரவும்போதே அவர்கள் தண்ணீரில் இருக்கிறார்கள். கழுத்தளவு நீரில் நின்று கதை பேசும் பாட்டிமார், மணலில் கைவீசி உடற்பயிற்சி செய்யும் பெரியவர்கள், பேரனின் வயிற்றைத் தாங்கி நீச்சல் பழக்கும் தாத்தா. வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் கலைந்து வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அதன் பிறகு வருவது வாடகைச் சாய்வு நாற்காலிகளின் கடற்கரை. எங்களுக்கு முதலாவதே போதுமானதாக இருந்தது. அதற்குக் காசு வேண்டாம், தூக்கத்தை மட்டும் விட வேண்டும்.

*

நான்கு பேர். ஆளுக்கு மூன்று லட்சம் டாங் பொதுப்பணம். கேட்கப் பெரிதாக இருக்கும். நம் காசில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். இருபதாயிரம் டாங்கும் நீல நோட்டு, ஐந்து லட்சம் டாங்கும் நீல நோட்டு. அதனால் கணக்கு வைத்திருந்த நண்பன் ஒவ்வொரு முறையும் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே கொடுத்தான்.

பணம் அளவாக இருக்கும்போது மனம் வேறு மாதிரி வேலை செய்கிறது. தீவுக்குப் போகும் கம்பிவண்டியும் கேளிக்கைப் பூங்காவும் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன. மிச்சமிருந்தவை பொதுவில் கிடப்பவை: கடல், பாலம், குன்று, கோயில், தெருவோர அடுப்பு. இந்த நகரத்தின் ஆழமெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

*

ஸோம் போங் பாலத்தில் நடந்தே ஆற்றைக் கடந்தோம். கீழே முகத்துவாரத்தில் நீலச் சாயம் பூசிய மீன்பிடிப் படகுகள் நெருக்கியடித்து நின்றன. எதிரே சிறு குன்றின் மேல் போ நகர்.

இந்தக் கரையை முன்பு ஆண்ட சாம் மக்கள் எழுப்பிய செங்கற்கோயில்கள் இவை. நம் கண்ணுக்கு இது உடனே கோயிலாகத் தெரிகிறது. யாரும் விளக்க வேண்டியதில்லை. கிழக்கு பார்த்த வாசல், மேலே ஒடுங்கிக்கொண்டே போகும் விமானம், நிலைக்கு மேலே காளையின் மீது பாதம் வைத்து ஆடும் நான்கு கைத் தெய்வம். குன்றின் கீழ்ப்படியில் கூரையில்லாமல் நிற்கும் மண்டபத்தின் எண்பட்டைத் தூண்கள். பெரிய கோபுரத்தின் கல் நிலைக்கால்களில் எழுத்துகள் வரிவரியாக இறங்குகின்றன.

செங்கல்லின் அருகில் முகத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு கற்களுக்கு நடுவே சாந்து தெரியவில்லை. ஒரு தலைமயிர் நுழையும் கோடு மட்டும். மரப்பிசினால் ஒட்டினார்களா, உரசி உரசிப் பொருத்தினார்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அண்மையில் பழுது பார்த்த இடங்களில் வைத்த புதிய கற்கள்தான் வெளுத்துப் பாசி பிடித்துக் கிடக்கின்றன. பழையவை சிவப்பு மாறாமல் இருக்கின்றன.

774இல் கடல்வழி வந்தவர்கள் இங்கிருந்த பழைய கோயிலை எரித்தார்கள். பத்தாண்டில் சத்தியவர்மன் என்ற மன்னன் மறுபடி கட்டினான். 918இல் மூன்றாம் இந்திரவர்மன் இங்கே குடிகொண்ட அம்மனான பகவதிக்குப் பொற்சிலை வைத்தான். கெமர் படை அதை எடுத்துக்கொண்டு போனது. 965இல் கல்லில் சிலை வந்தது. 1653இல் இந்தப் பகுதியே வியட்நாமிய நுயென் பிரபுக்களின் கைக்குப் போனது. இத்தனைக்குப் பிறகும் அம்மன் குடியிருக்கிறாள். புதிதாக வந்த வியட்நாமியர்கள் அவளை அகற்றவில்லை. தியென் யி ஆ நா என்று பெயர் சொல்லித் தங்கள் தாயாக ஏற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் சொல்லும் கதையும் அழகானது. முலாம்பழத் தோட்டத்தில் ஒரு கிழத் தம்பதிக்குக் கிடைத்த பெண் அவள். ஒரு நாள் அகில் கட்டைக்குள் புகுந்து கடலில் மிதந்து வடநாடு சேர்கிறாள். அங்கே இளவரசனை மணக்கிறாள். பிறகு பிறந்த மண்ணின் ஏக்கம் தாளாமல் இரண்டு பிள்ளைகளோடு அதே அகிலில் திரும்பி வந்து, ஊராருக்கு உழவும் நெசவும் கற்றுத் தருகிறாள். கோயிலைச் சுற்றியுள்ள கான் ஹோவா மாகாணம் அகிலுக்குப் பேர்போனது. தான் விளைவிக்கும் மரத்தையே தன் தாய்க்கு ஓடமாகக் கொடுத்திருக்கிறது இந்த மண்.

கருவறை இருட்டாக இருந்தது. அரைக்கால்சட்டை அணிந்து வந்தவர்களுக்கு வாசலில் நீண்ட அங்கியை இலவசமாகக் கொடுத்தார்கள். எங்களில் ஒருவன் வாங்கிப் போட்டுக்கொண்டான். பட்டாடைக்குள் அமர்ந்திருக்கும் பத்துக்கை அம்மனுக்கு முன் ஒரு நடுவயதுப் பெண் தட்டில் பழம் வைத்து, ஊதுவத்தியை நெற்றிக்கு உயர்த்தி, உதடு மட்டும் அசைய எதையோ நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும் வரை நாங்கள் நால்வரும் ஓரமாக நின்றோம். என்ன வேண்டுதல் என்று தெரியாது. ஆனால் அந்தச் சொல்லும் முறை தெரியும். என் அம்மா அப்படித்தான் சொல்வாள்.

*

லாங் சோன் விகாரைக்கு நுழைவுச் சீட்டே இல்லை. படியேறிப் போனால் குன்றின் உச்சியில் வெள்ளைப் புத்தர். அண்ணாந்து அவரைப் பார்த்துவிட்டு எல்லோரும் கடற்பக்கம் திரும்பிப் படமெடுத்தார்கள். பீடத்தைச் சுற்றி ஒரு முறை நடக்க வேண்டும். அங்கே தீ நாக்குகளுக்கு நடுவே துறவிகளின் முகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1963இல் அன்றைய தென்வியட்நாம் அரசு பௌத்தர்களை ஒடுக்கியபோது தங்களையே தீக்கிரையாக்கிக்கொண்டவர்கள். அந்த ஆண்டு ஜூன் 11 அன்று சைகோன் நாற்சந்தியில் அசையாமல் அமர்ந்து எரிந்த திக் குவாங் டுக் இந்த மாகாணத்தில் பிறந்தவர். அவர் படத்தை உலகமே பார்த்தது. இங்கே அவர் ஊர்க்காரர்.

இறங்கி வரும்போது யாரும் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை.

*

மதியம் சைவச் சாப்பாடு. எங்களில் ஒருவன் மீன், முட்டை எதையும் தொடமாட்டான். சைவம் என்ற பொருளில் 'சாய்' என்று பலகை மாட்டிய கடைகள் விகாரைகளின் பக்கத்தில் நிச்சயம் உண்டு. சோறு, டோஃபு, வதக்கிய கீரை, தெளிந்த சூப். நால்வரும் அங்கேயே சாப்பிட்டோம்.

*

கடற்சாலையில் பாஸ்டர் நிறுவனம். பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் கண்டறிந்த அலெக்சாந்தர் யெர்சின் தொடங்கியது. உலகப் புகழோடு பாரிஸில் இருந்திருக்கலாம். அவர் இங்கே ஒரு மீனவக் குப்பத்தில் வீடு எடுத்து 1943இல் இறக்கும் வரை வாழ்ந்தார். புயல் வருமென்று கணித்து மீனவர்களை எச்சரிப்பார், புயல் நாளில் தன் வீட்டில் தங்க வைப்பார். மக்கள் அவரை 'ஐந்தாமவர்' என்ற பொருளில் ஓங் நாம் என்றே அழைத்தார்கள். விடுதலைக்குப் பின் பிரெஞ்சுப் பெயர்கள் எத்தனையோ தெருக்களை விட்டு நீங்கின. யெர்சின் பெயர் இருக்கிறது.

*

மாலையில் பசி. தெருவோரத்தில் கரியடுப்பின் மேல் வட்ட மண்சட்டி, அதில் குழிகள். பான் கான். கிட்டத்தட்ட நம் குழிப்பணியாரக் கல்தான், மண்ணில் செய்தது. அரிசி மாவை ஊற்றி, குழிக்கொரு மண்மூடி போட்டு, வெந்ததும் மெல்லிய கரண்டியால் நெம்பி எடுத்து, வெங்காயத்தாள் எண்ணெய் தடவி இரண்டை முகத்தோடு முகம் ஒட்டி ஒரு ஜோடியாக்கித் தருகிறார் அந்த அம்மா. எண்ணுவதே ஜோடிக் கணக்கில். கூடவே சீவிய பச்சை மாங்காய். மீன் சாறு வேண்டாம், முட்டை வேண்டாம் என்று நண்பனுக்காகக் கைஜாடை காட்டியதும், அவன் பங்குக்குத் தனிக் கரண்டி எடுத்தார். நாங்கள் கேட்காமலே.

"மச்சான், இன்னும் ரெண்டு ஜோடி சொல்லவா?"

"சொல்லுடா. காசு இருக்கு."

பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தபடியே மறுநாளைப் பற்றிப் பேசினோம். ந்யா ட்ராங்கில் சாம் கோயில் இருக்கிறது. அதைக் கட்டிய மக்கள் பெரும்பாலும் இங்கில்லை. தெற்கே நூறு கிலோமீட்டர் தள்ளி, ஃபான் ராங் பகுதியில் அவர்கள் இன்றும் ஊர் ஊராக வாழ்கிறார்கள். அங்கே ஒரு குன்றின் மேலிருக்கும் போ க்ளோங் கராய் கோயிலில் அவர்களுடைய பூசாரிகளே பூசை செய்கிறார்கள், கடே திருவிழா எடுக்கிறார்கள். குன்றுக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். அதன் பெயரே தாப் சாம், சாம் கோபுரம்.

கணக்கு வைத்திருந்தவன் மிச்ச நோட்டுகளைத் தொடையில் பரப்பி எண்ணினான். மரப்பலகை இருக்கைக்கு நாலு சீட்டு வாங்கலாம் என்றான். காலை வண்டிக்கே வாங்கச் சொன்னோம்.