அஞ்சிய நெஞ்சும் ஆசிரியர் கடனும்

கற்பித்தல் என்பது அறிவுடையார் ஒருவர் அறியாதார் ஒருவர்க்குச் சொற்பொருள்களை எடுத்து வழங்குதல் மாத்திரையே எனக் கருதுவார் பலர். வழங்குவார் கை எத்துணை வண்மையுடையதாயினும், ஏற்பார் கை நடுங்குமாயின் கொடுத்த பொருள் நிலத்திற் சிந்தும். ஆகலின், கொடுக்கும் பொருளின் சிறப்பை ஆராய்தற்கு முன்னர், ஏற்கும் நெஞ்சின் நிலையை ஆராய்தல் ஆசிரியர்க்கு முதற் கடனாகின்றது. பெருந்துன்பத்தாற் புண்பட்டு, அஞ்சிய நெஞ்சினராய் வகுப்பில் வந்தமரும் மாணாக்கர்பால் ஆசிரியர் எவ்வாறு ஒழுகற்பாலர் என்பதும், அவரை அச்சுறுத்திக் கற்பித்தல் அறமாகுமா என்பதும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

இவ்வாராய்ச்சி வெறுங் கற்பனை பற்றி எழுந்ததன்று. 2004-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றிற் பற்றிய தீ, கீற்றுக் கூரையிற் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் கவர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோரையும், இலங்கையில் 30,000-க்கு மேற்பட்டோரையும் வாரிக்கொண்டு போயிற்று. 2009-ஆம் ஆண்டு மேத் திங்களில் வன்னிப் பெருநிலத்துப் போர் முடிந்த காலத்து, ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியாப் பகுதி முகாம்களில் அடைபட்டனர். ஊர்விட்டு ஊர் ஓடிய சிறுவர் அம்முகாம்களிலேயே மீண்டும் ஏடெடுத்தனர். இத்தகைய இடங்களிற் பள்ளி மீளத் திறந்த நாளில், வருகைப் பதிவேட்டில் மாணாக்கன் வந்தான் என்றே குறிக்கப்பட்டது. வந்தது உடல், உள்ளமோ அலைக்கரையிலும் பதுங்கு குழியிலும் நின்றது. பேரிடர் நேராத ஊர்களிலும், தாயையிழந்த பிள்ளையும், கள்வெறி கொண்ட தந்தையால் இரவெல்லாம் அலைப்புண்ட பிள்ளையும் இல்லாத வகுப்பு அரிது.

இவர் நிலை யாது? இதனை மேனாட்டு மருத்துவ நூலார் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் 1980-ஆம் ஆண்டு இந்நோயைத் தன் நோய்ப் பகுப்பு நூலில் தனி நோயாகச் சேர்த்தது. ஈழத் தமிழர் இதனை உளவடு எனவும் மனவடு எனவும் வழங்குவர். மூளையினுள்ளே வாதுமைப் பருப்பின் வடிவினதாகிய அமிக்டலா என்னும் சிற்றுறுப்பு ஒன்று உளது. இடையூற்றின் குறி தோன்றியவுடன், ஆராய்ந்து துணியும் பகுதி ஆராயத் தொடங்கும் முன்னரே, இவ்வுறுப்பு உடல் முழுதும் எச்சரிக்கை செய்துவிடும். நெஞ்சு படபடக்கும், மூச்சு விரையும், உடல் ஓடுதற்கோ எதிர்த்தற்கோ மரத்து நிற்றற்கோ ஆயத்தமாகும். காவல் நாய் கள்வனைக் கண்டு குரைத்தல் நன்மையே. ஆயினும், ஒருமுறை கள்வனாற் கடிதிற் புடைக்கப்பட்ட நாய், பின்னர்க் காற்றில் அசையும் இலைக்கும் குரைக்கும். புண்பட்ட சிறுவன் நிலையும் அன்னதே. கதவு அறைந்து மூடும் ஓசையும், வெடியோசையும், ஆசிரியர் உயர்த்திய கையும் அவனுக்கு அப்பழைய நாளாகவே தோன்றும். அந்நிலையில் எழுத்தும் எண்ணும் அவன் நினைவிற் பதிதல் யாங்ஙனம்?

சித்தாந்த நூல் பயின்றார்க்கு இது புதுமையன்று. ஐவகை அவத்தைகளும் சாக்கிரத்திலேயே நிகழ்தல் கூடும் என்பது நூல் வழக்கு. கண் விழித்திருக்க, கரும்பலகை முன்னிற்க, அதனைக் காணாது வேறொன்றைக் கண்டு நடுங்குவான் சாக்கிரத்திற் சொப்பனம் காண்பவன். அவனைக் கவனமற்றவன் என்று வைதல், உறங்குவானைச் செவிடன் என்று பழித்தலோடு ஒக்கும். இன்னும், உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பதும் சித்தாந்தத் துணிபு. செம்மலரைச் சார்ந்த படிகம் செந்நிறங் காட்டுதல் போல, அச்சத்தைச் சார்ந்த உயிர் அச்சமாகவே நிற்கின்றது. படிகத்தை உரைத்துத் தேய்த்தலாற் செந்நிறம் நீங்காது. வேறொரு வெண்மலரை அருகில் வைத்தலே வழி. அவ்வெண்மலராவது ஆசிரியரின் அமைந்த முகமும், மாறாத சொல்லும், நாடோறும் பிறழாத ஒழுங்குமேயாம்.

ஈண்டுத் தடை நிகழ்த்துவார் சிலர் உளர். முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் பிரம்பும் குட்டும் கோதண்டமும் கொண்டே கற்பித்தனர். அடியாத மாடு படியாது என்பது பழமொழி. அச்சமின்றிக் கல்வி ஏது என்பர் அவர். அற்றன்று. அடி பணியச் செய்யும்; பணிதல் வேறு, கற்றல் வேறு. அஞ்சிய மாணாக்கன் ஆசிரியர் கைப் பிரம்பையே நோக்குவானன்றி அவர் வாய்ச் சொல்லை நோக்கான். அத்திண்ணைப் பள்ளிகளிற் கற்றுத் தேறியோரை மட்டும் எண்ணிப் புகழ்தல் எளிது. அடிக்கு அஞ்சிப் பள்ளியை விட்டோடி எழுத்தறியாது மாண்டோரை எண்ணுவார் யாவர்? இந்திய நாட்டில் 2009-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், உடலை வருத்தும் ஒறுப்பையும் உள்ளத்தை வருத்தும் தொல்லையையும் ஒருங்கே விலக்கியது. ஆயினும் சட்டம் கையைத் தடுக்கும். முகக் கடுப்பையும் நாவின் கூர்மையையும் தடுத்தற்குரியது ஆசிரியரின் மனச்சான்று ஒன்றே.

இனி, இறைவனே உயிர்களை மறக்கருணையால் ஒறுத்து ஆட்கொள்கின்றான்; தருமசேனராயிருந்த நாவுக்கரசர்க்குச் சூலை தந்தன்றோ ஆண்டான்; அவ்வழியில் ஆசிரியரும் ஒறுக்கலாகாதோ எனின், இத்தடை வலியுடையது போலத் தோன்றினும், ஆராயுங்கால் நில்லாது. மறக்கருணை செலுத்துதற்கு உரியவன் உயிரின் பக்குவத்தை முற்ற அறிந்தவன். எவ்வளவு நோய், எந்நாள் வரை, எதன் பொருட்டு என்பன யாவும் அறிந்து தருபவன் அவன். சூலையைத் தந்தவனே அதனைத் தீர்க்கும் மருந்தையும், திருநீறு ஏந்திய திலகவதியாரையும் திருவதிகையில் ஆயத்தமாக வைத்திருந்தான். சிற்றறிவினராகிய ஆசிரியர்க்கோ, எதிரில் இருக்கும் சிறுவன் நேற்றிரவு உண்டானா உறங்கினானா என்பதும் தெரியாது. அறியாதார் ஓங்கும் கோல் மறக்கருணை ஆகாது, மறமாகவே முடியும். இறைவன்பால் ஆசிரியர் கற்றுக்கொள்ளற்பாலது அறக்கருணை ஒன்றே.

அவ்வறக்கருணையின் முறையைச் சேக்கிழார் பெருமான் இரண்டிடத்து இனிது விளக்கியருளினார். சீகாழித் திருக்குளத்தில் தந்தையார் நீருள் மூழ்க, அவரைக் காணாத மூவாண்டுக் குழந்தை அஞ்சி அழுதது. இறைவன் அருளாணையால் உமையம்மையார் அங்குச் செய்தவற்றை ஊன்றி நோக்குக. குழந்தையின் கண்ணீர் துடைக்கப்பட்டது, கையிற் பொற்கிண்ணம் அளிக்கப்பட்டது, பால் ஊட்டப்பட்டது, அழுகை தீர்ந்தது. அப்பாலிலே குழைத்தூட்டப்பட்டதே சிவஞானம். ஞானத்தையே வழங்குதற்கும் கண்ணீர் துடைத்தல் தாழ்வாகக் கருதப்படவில்லை. அழுகையை நிறுத்திப் பின் வா என்று குழந்தைக்குக் கட்டளையிடப்படவும் இல்லை. மற்றோரிடம் சேய்ஞலூர். கன்றீன்ற பசு ஒன்று தன்னை முட்டியது பற்றி ஆயன் அதனைக் கோலால் அடித்தான். விசாரசருமர் அவனைத் தடுத்து, ஆனிரை காக்குந் தொழிலைத் தாமே மேற்கொண்டார். அவர் காவலில் அப்பசுக்கள் மேனி தழைத்துப் பாலைத் தாமே பொழிந்தன. பசுக்கள் மாறவில்லை, மேய்ப்பவரே மாறினார். முட்டும் மாணாக்கனைக் கண்ட ஆசிரியர், அம்முட்டுதலின் பின்னே யாது அச்சம் உளது என்று வினவற்பாலர்.

துன்பமாவது அவரவர் முன்வினைப் பயன். அதனைத் துய்த்தே கழித்தல் வேண்டும். இடையில் ஆசிரியர் செய்வது யாது என்பாரும் உளர். பிறர் வினையை அளந்தறியுங் கண் மானிடர்க்கு இல்லை. ஒருவன் நோய் வினையால் வந்ததாயினும், மருந்து கொடாது நின்ற மருத்துவன் தனக்கொரு புதுவினையை ஈட்டிக்கொள்கின்றான். முன்னோர் இதனை நன்கறிந்தனர். திருமுக்கூடற் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, மாணாக்கர் பயிலும் கல்விச்சாலையோடு பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் நடைபெற்றமையைக் கூறுகின்றது. கற்பார் நோயைத் தீர்த்தல் கற்பித்தற்குப் புறம்பானது என்று 11-ஆம் நூற்றாண்டிலேயே எண்ணப்படவில்லை என்பது இதனாற் போதரும்.

ஆசிரியர் துலாக்கோல் போல்வர் என நன்னூலார் கூறினாராகலின், ஒருவனுக்கு மட்டும் இரங்குதல் நடுவுநிலை பிறழ்தலாகாதோ எனின், ஆகாது. துலாக்கோல் எல்லாப் பொருட்கும் ஒரே எடையைக் காட்டுவதன்று; அவ்வப் பொருளின் உண்மை எடையைக் காட்டுவது. கால் ஒடிந்தானை ஓடென்று ஏவுதல் நடுவுநிலையாகாது. அந்நன்னூலே, குளிர் காய்வார் தீயை மிக அணுகாமலும் அகலாமலும் இருத்தல் போல மாணாக்கர் ஆசிரியரைச் சார்ந்திருத்தல் வேண்டும் என்ற கருத்துரைக்கும். இவ்வுவமையில் ஆசிரியர்க்கும் ஒரு கடன் அடங்கியுளது. முன்னரே தீப்புண் பட்டவன் அருகே வருதற்குத் தீ தழலடங்கி வெம்மை மட்டும் தருவதாக இருத்தல் வேண்டும். எனினும், தீயை முற்றும் அவித்துவிட்டால் குளிர் காய்தல் இல்லை. ஆதலால், இரக்கம் என்ற பெயரால் ஒழுங்கை நெகிழ விடுதலும் தவறே. எப்போது யாது நிகழும் என்று தெரியாத வகுப்பு, புண்பட்டானுக்குப் பிரம்பினும் பெரிய அச்சம் தரும்.

அங்ஙனமாயின் ஆசிரியர் செய்யத்தக்கன யாவை? முதலாவது உடலுக்குக் காவல். கும்பகோணத் துயரின் பின்னர்த் தமிழகப் பள்ளிகளிற் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கூரையும் வாயிலும் காப்புடையன அல்லாத இடத்தில் அஞ்சேல் என்னும் சொல் பொய்யாகும். இரண்டாவது நாளின் ஒழுங்கு. எந்த வேளையில் எந்தப் பாடம், யார் வருவார், எப்போது மணியடிக்கும் என்பன முன்னறியப்பட்டு மாறாதிருத்தல் வேண்டும். மாற்றம் நேரின் முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். மூன்றாவது இருக்கை. வாயிலைக் காணுமாறு அமர விரும்பும் பிள்ளையை அவ்வாறே அமர விடுக. பின்புறமாக வந்து தோளைத் தொடுதலையும் திடீரெனக் குரலுயர்த்துதலையும் ஒழிக. நான்காவது, தவறு நேர்ந்துழி அதனைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலிற் கூறித் திருத்துக. ஐந்தாவது, துன்பத்தின் பெயரால் மாணாக்கனை அழையாதொழிக. அலையிற் பிழைத்த பிள்ளை என்று ஊரார் சுட்டுவதைப் பள்ளியும் சுட்டுமாயின், அவனுக்கு வேறு பெயரே இல்லாது போம்.

ஈண்டு ஒன்று மிகவும் கருதத்தக்கது. நடந்ததைச் சொல், சொன்னால் மனம் ஆறும் என்று பலர் நடுவே பிள்ளையை வற்புறுத்துதல் தீதாம். உலக சுகாதார நிறுவனம் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூலும், துயருற்றாரைத் தம் கதை கூறுமாறு நெருக்கலாகாது எனவும், கூற முன்வருங்கால் அமைதியாகக் கேட்டல் வேண்டும் எனவும் அறிவுறுத்துகின்றது. சொல்லால் வாராதது கையால் வருதலும் உண்டு. மட்டக்களப்பில் 1996-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் துயருற்ற தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் ஒருங்கு கூடி வண்ணந் தீட்டியும் மண் பிசைந்தும் கதை கட்டியும் ஆடியும் உளந் தேறினர். தூக்கமின்மை, காரணமற்ற தலைநோவு, கடுஞ்சினம், பேச்சடங்கல் முதலியன திங்கள் கடந்தும் நீங்காவாயின், மனநல மருத்துவரிடம் சேர்ப்பித்தல் கடன். ஆசிரியர் மருத்துவர் ஆகார். மருத்துவரிடம் செல்லும் வழியை அறிந்தவராதல் போதும். அன்றியும், அலையும் போரும் ஆசிரியரையும் விட்டுவைப்பதில்லை. பிள்ளையை இழந்த ஆசிரியரும் மறுதிங்களே பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்ல நேர்கின்றது. அவர் புண்ணை ஆற்றாத பள்ளி மாணாக்கர் புண்ணை ஆற்ற வல்லதன்று.

ஆகவே, அஞ்சிய நெஞ்சை மேலும் அச்சுறுத்திக் கற்பித்தல் அறமன்று, பயனுமன்று. அச்சத்தை நீக்குதல் கற்பித்தலின் முதற் பாடமேயாகும். அதனைக் கற்ற பின்னரே ஏனைப் பாடங்கள் ஏறும். தில்லைக் கூத்தப் பெருமான் திருவுருவில் தீயேந்திய கரம் பின்னே நிற்கின்றது. அஞ்சேல் என்று காட்டும் கரம் முன்னே நிற்கின்றது. அழித்தலும் ஒறுத்தலும் வல்ல முதல்வனே அபயத்தை முன்வைத்தானாயின், அவன் அருளின் சிறுதுளியைக் கொண்டு கற்பிக்கப் புகுந்த ஆசிரியர் எதனை முன்வைத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.