காரீயமும் ஒரு தாயின் கேள்வியும்

கரம்பொனில் உயர்தர வகுப்பு மாணவனொருவன் சென்ற தவணை எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினான். திண்மப் பளிங்குகளினுள் இலத்திரன்கள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்னும் கோட்பாட்டாய்விலே தன் வாழ்வைச் செலவிட அவனுக்கு விருப்பம். வீட்டாரோ, குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருக்கும் ஊரிலே இப்படிப்பு ஆருக்கு என்கின்றனர். "நான் விரும்புவது தன்னலமா, சேர்?" என்றான். தமிழ் கற்பிக்கும் நாம் உடனே விடை கூற இயலாது நின்றோம்.

அவனிடமே கேட்டறிந்ததைச் சொல்கிறோம். தனித்த அணுவில் இலத்திரனின் சக்தி படிபடியாக நிற்கும். எண்ணற்ற அணுக்கள் பளிங்காகச் சேர்ந்ததும் அப்படிகள் பட்டைகளாக விரிகின்றன. சில பொருள்களிற் பட்டைகளுக்கிடையே வெளி உண்டு. கடற்கரையில் விளையும் உப்பில் அவ்வெளி எட்டு இலத்திரன் வோற்றுக்கும் மேல். ஆதலின் மின் ஓடாது. சிலிக்கனில் ஏறக்குறைய 1.1, அது குறைகடத்தி. காரீயத்தில் வெளியே இல்லை எனலாம். வைரமும் காரீயமும் ஒரே காபன்தான். அணுக்கள் அடுக்கப்பட்ட முறையே வேறு. (இதைச் சமுதாயத்துக்கு உவமையாக்க எம் கை துறுதுறுக்கிறது, விட்டுவிடுவோம்.)

குறைகடத்திகளைக் கறைபட்ட பொருளென்று அறிஞரே முகஞ்சுளித்த காலத்தில், 1931 இல், ஆலன் வில்சன் இதை விளக்கினார். திரான்சிற்றர் பிறந்தது 1947 இல். இடையிலே பதினாறு ஆண்டுகள்.

வத்திராயிருப்பில் 1898 இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், அடிமைப்பட்ட நாட்டின் கல்கத்தாவிலிருந்து, 1930களில் காரீயப் பளிங்கை ஆராய்ந்தார். காந்தப் பண்பும் மின்கடத்தலும் படலத்தின் வழியே ஒருவிதமாகவும் குறுக்கே முற்றிலும் வேறுவிதமாகவும் இருத்தலைக் கங்குலியுடன் சேர்ந்து காட்டினார். அதே காரீயத்தைப் போகலையிலும் ககட்டகாவிலும் இலங்கைத் தொழிலாளர் பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுத்தனர், அது கப்பலேறியது. வெட்டுவது எம்மவர் தொழில், சிந்திப்பது பிறர் உரிமை என்பதுதானே குடியேற்ற ஆட்சியின் கணக்கு? ஏழைக்குப் பயன்படு கல்வி மட்டும் போதும் என்போர், நல்லெண்ணத்துடனேயே, அக்கணக்கைத் தொடர்கின்றனர் என்பது எம் கருத்து.

ஆயினும் மறுபக்கத்தை மறைக்கலாகாது. 1960களில் நுண்சுற்றுக்களைப் பெருமளவில் முதலில் வாங்கியவற்றுள் ஏவுகணைத் திட்டமும் ஒன்று. 1990 இல் இத்தீவை விட்டு ஓடிய குடும்பங்களுக்கு, வானிலிருந்து வரும் அறிவியல் எத்தகையது என்று நாம் போதிக்க வேண்டியதில்லை. சமன்பாட்டுக்குக் குற்றமில்லை எனலாம். எழுதியவனுக்கு அப்பால் நடப்பதிற் பங்கே இல்லையென்று எம்மாற் கூற முடியவில்லை. மேலும், சிந்திப்பவன் உண்ணும் சோறு வேறொருவர் உழைப்பு.

இவற்றையெல்லாம் மாணவனிடம் சொன்னோம். தன்னலமன்று, ஆனால் கடன் உண்டு என்றோம். அவன் தாயாரிடமும் சென்று பேசினோம். பொறுமையாகக் கேட்டிருந்த அவர், "எல்லாம் சரி வாத்தியார். அதுவரைக்கும் தங்கச்சியின்ர படிப்பை ஆர் பாக்கிறது?" என்றார்.

விண்ணப்பப் படிவம் இன்னும் நிரப்பப்படாமல் எம் மேசையில் இருக்கிறது.