முகமறியாச் சாட்சிகள்

காசிமேட்டில் மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். விரலால் அழுத்திப் பார்க்கிறார். தம் கண்ணையும் கையையும் நம்புகிறவருக்குப் பிறர் சான்று வேண்டியதில்லை. ஆனால் மிக்சியின் மோட்டார் ஈராண்டு உழைக்குமா என்பதைக் கண்ணும் கையும் சொல்லா. அங்கே சாட்சி தேவைப்படுகிறது. முன்பு அடுத்த வீட்டு அக்கா அச்சாட்சியைச் சொன்னார். இன்று காலடிப்பேட்டைச் சந்துகளிலும் கைபேசித் திரையில் மின்னும் நட்சத்திரங்கள் சொல்கின்றன.

சொல் வாய் மாறும்போது உருமாறும் என்பதற்கு இவ்வூர்ப் பெயரே சான்று. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட்பேட்டைதான் காலடிப்பேட்டை ஆயிற்று. பெயரை மட்டும் கேட்பவர் யாருடைய காலடியோ என்றே எண்ணுவார். இதில் எவருடைய வஞ்சகமும் இல்லை. வஞ்சகம் கலந்த சொல்லைப் பற்றியதே நம் கவலை.

அச்சொல்லின் வலிமை சிறிதன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூக்கா, ‘யெல்ப்’ தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் தனியார் சிற்றுணவகங்களின் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்வதாக 2011-இல் எழுதினார். 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்னும் இளைஞர் தம் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிந்து, நண்பர்களைக் கொண்டு புகழுரை எழுதுவித்தார். ஒரு கவளமும் பரிமாறப்படாத அந்தக் கொட்டகை ‘டிரிப்அட்வைசர்’ தளத்தில் அந்நகரின் முதலிடத்தை எட்டியது!

இஃது எப்படி இயலும்? அடுத்த வீட்டு அக்கா பொய் சொன்னால் மறுநாளும் குழாயடியில் நம் முகத்தில் விழித்தாக வேண்டும். இணைச்சட்ட நூலின் 19-ஆம் அதிகாரம் ஒரே சாட்சியை ஏற்பதில்லை. நடுவர் தீர விசாரிக்கவும் பணிக்கிறது. பொய்ச்சாட்சி பிறருக்குச் செய்ய நினைத்த தீங்கு அவன் தலையிலேயே விழும். ஆக, சொல்பவர் தம் சொல்லுக்கு விலை கொடுக்கக் கடமைப்பட்டிருந்தார். திரையிலோ ஆயிரம் பெயர்கள் தெரிகின்றன; ஒரே அறையிலிருந்து ஒருவரே எழுதிய ஆயிரமும் ஒரு சாட்சியே, அதுவும் பொய்ச்சாட்சி.

அன்பியக் கூட்டமொன்றில் ஓர் இளைஞர் கேட்டார்: “ஃபாதர், பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் ஐம்பது ரூபாய் தருவார்களாம். பொருளும் மோசமில்லை. வாங்கிக்கொள்வது பாவமா?” சிலர் சிரித்தனர். நமக்கோ அது சிரிப்பதற்குரிய வினாவாகத் தோன்றவில்லை. பொருள் நன்றாகவே இருக்கலாம். ஆயினும் படிப்பவர் அதைக் கூலி பெறாத சொல் என்று நம்புகிறார். மறைக்கப்பட்டது அந்த ஐம்பது ரூபாயே. துறைமுகத்தில் மூட்டை சுமந்து சேர்த்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அச்சொல்லைப் படிப்பவரும் உண்டு. எட்டாம் கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று என்றே விடை கூறினோம். மழையில் பொட்டலம் தாமதமானதற்காகப் பொருள் செய்தவருக்கு ஒற்றை நட்சத்திரம் இடுபவரையும் (இவர்களும் நம் பங்கு மக்களே) அக்கட்டளை விட்டுவிடுவதில்லை.

‘விளம்பரத்தில் அறநெறி’ என்னும் 1997-ஆம் ஆண்டுத் திருப்பீட ஆவணம் விளம்பரம் செய்வோரிடம் உண்மையைக் கோரியது. இன்று வாங்குபவரே விளம்பரதாரராகிவிட்டார். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இத்தகைய கருத்துரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையைக் கொணர்ந்தது. எழுதுபவரை மின்னஞ்சல், தொலைபேசி முதலியவற்றால் சரிபார்க்க அது வழி கூறுகிறது; எனினும் கட்டாயமாக அறிமுகமாகவில்லை. தொலைபேசி எண் உண்மையா என்று சட்டம் காணலாம். உள்ளத்தை எங்ஙனம் காணும்?

நாம் தேடிப் படிப்பவை மூன்று நட்சத்திரக் குறிப்புகள். “மோட்டார் நன்று, சிறு ஜாரின் மூடி மூன்றாம் மாதமே கசிகிறது, தோசை மாவு அரைக்க உதவாது.” எழுதியவர் பெயர் தெரியாது. ஆனால் அவர் வீட்டில் அந்த மிக்சி ஓடியிருக்கிறது.